ஆரோக்கியசாமி சாரின் பின்பக்க ஸ்பீக்கர்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கென்று நாங்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்கள் சில, சர்க்கரை நோய்க்கு வெண்டைக்காய் ஊறவைத்த தண்ணீர் என்று ஒரு வீடியோ, அவற்றுக்கு நடுவில் ‘ஆரோக்கியசாமி சார் இறைவனடி சேர்ந்தார்’ என்று ஒரே ஒரு வரி. அதற்கு நேர் கீழே, மேலே என்ன இருக்கிறது என்றுகூடப் படிக்காமல், இன்னொருவர் இன்னொரு ரோஜாப்பூவை அனுப்பியிருந்தார். வந்த கோபத்தில் போனை அரிசி மூட்டையின் மேல் வீசினேன். பிறகு எடுத்து மறுபடி படித்தேன். அந்த வரி அப்படியேதான் இருந்தது.

அன்று முழுக்க எல்லோரும் எழுதினார்கள். நல்ல மனிதர், கண்டிப்பான ஆசிரியர், சிரித்த முகம். எல்லாம் உண்மைதான். ஒருவர் மட்டும், ‘பாவம், இத்தனை வருடமாக அடைபட்டுக் கிடந்தார், விடுதலை கிடைத்தது’ என்று எழுதியிருந்தார். அந்த வரிக்குக் கீழே கைகூப்பிய படங்களாகக் குவிந்தன. எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் அடைபட்டிருந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த அடைப்பில் ஒரு பக்கத்தையாவது திறந்துவிட அவர் பட்ட பாடு, அந்த அறைக்குள் அவரோடு உட்கார்ந்து வெந்த எனக்கும் அவர் மனைவி பிலோமினா அக்காவுக்கும்தான் தெரியும். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பாப்பிரெட்டிப்பட்டியில் நாம் வேலை பார்த்த பள்ளியில் அவர் இயற்பியல், நான் கணினி. முதுகெலும்பின் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நோய் அவருக்கு. இடுப்பில் தொடங்கி, முதுகில் ஏறி, கடைசியில் கழுத்தைப் பிடித்தது. யாராவது கூப்பிட்டால் தலை மட்டும் திரும்பாது. காலை எடுத்து வைத்து உடம்போடு திரும்புவார். பையன்கள் ‘கேட்டு சார்’ என்று பெயர் வைத்தார்கள். ஒருநாள் அவர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் இரும்பு கேட் திறப்பது போல வாயாலேயே கிறீச்சிட்டானாம். இவர் எழுதுவதை நிறுத்தவில்லை. “எண்ணெ போடாத கேட்டுடா இது. தொறக்கறதுக்கு நேரமாவும். சங்கரா, அதுக்குள்ள நீயே எந்திரிச்சு நின்னுரு” என்றாராம். கத்தியவன் சங்கரன்தான்.

அதை ஆசிரியர் அறையில் சொல்லிவிட்டு, “காது இருக்கறவனுக்குக் கழுத்து எதுக்குங்க சார்?” என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். வீறாப்பான பேச்சு அது. தலை மெல்ல மெல்ல முன்பக்கம் கவிழ்ந்து, கரும்பலகையின் மேல் பாதி கண்ணுக்கு எட்டாமல் போனபோது, ஒருவரிடமும் சொல்லாமல் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

வீடு கடைவீதிக்குப் பக்கத்துத் தெருவில். முன் அறையில் கை வைத்த மரநாற்காலி ஒன்று, எதிரே டிவி. வாசற்கதவு அவருடைய முதுகுக்குப் பின்னால். நாற்காலியைத் திருப்பிப் போட்டால் வாசலைப் பார்த்து உட்காரலாமே என்று நாங்கள் சொல்லாமல் இல்லை. “வாசலப் பாத்து ஒக்காந்தா வர்றவன் போறவன்லாம் என் கழுத்ததான் பாக்கறான். மூஞ்சியப் பாக்கறவன் ஒருத்தனும் இல்ல” என்று சொல்லி மறுத்துவிட்டார்.

ஒருமுறை பால்காரர் பின்னாலிருந்து “சார்” என்று சத்தமாகக் கூப்பிட, இவர் திடுக்கிட்டு, திரும்ப முயன்று நாற்காலியோடு சாய்ந்து விழுந்தார். தோள்பட்டையில் அடி. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்தது. பின்னாலிருந்து யாரும் அவரிடம் பேசக்கூடாது. யார் வந்தாலும் பக்கத்துச் சந்து வழியாகச் சமையலறைக்குள் நுழைந்து, அவருக்கு எதிரே போய் நின்று, அவர் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். பாதிரியார் வந்தாலும் அப்படித்தான், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்தாலும் அப்படித்தான். பிலோமினா அக்கா ஒரு நாளைக்கு எத்தனை தடவை சுற்றி வருவார் என்று அவருக்கே தெரியாது. “அவருகிட்ட ஒரு வார்த்த பேசறதுக்குள்ள எங்காலு தேஞ்சு போயிருதுங்க சார்” என்பார்.

இந்த நிலையில்தான் பெங்களூரில் இருக்கும் மகள் ஜெசியும் மாப்பிள்ளையும் அந்தச் சாமான்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஹார்ட் டிஸ்க் உள்ள ரெக்கார்டர் ஒன்று. டிவியில் வருவதைப் பதிவு செய்யும், டிவிடி தட்டு போட்டால் ஓட்டும், உள்ளறையில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து படங்களை வைஃபை வழியாக இழுத்தும் ஓட்டும். அதோடு ஒரு ஆம்ப்ளிஃபையர், முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, அதிர்வுக்கு ஒரு பெட்டி. மாப்பிள்ளை தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டியபோது பின்னாலிருந்தும் சத்தம் வந்திருக்கிறது. ஆனால் அவர்கள் ஊருக்குப் போன பிறகு லேப்டாப்பிலிருந்து படம் ஓட்டினால் முன்னால் உள்ளவை மட்டும்தான் பேசின. பின்னால் இரண்டும் ஊமை. நம் ஊரில் இப்போது தட்டு விற்க ஒரு கடை கிடையாது. மகள் அனுப்புவதெல்லாம் கோப்புகள்தான்.

“கம்ப்யூட்டர் சார், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க” என்று போன் வந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். பாடப் புத்தகத்தில் இருந்ததற்கு மேல் எனக்குக் கணினி தெரியாது என்பது உங்களில் பலருக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் போய், “பார்த்துடலாம் சார்” என்று சொல்லித் தொலைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. அதற்குப் பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் என்னுடையவை அல்ல. மாதா கோயில் பூசை முடிகிற நேரத்துக்கு என் போன் அடிக்கும். சின்ன ஊர் இது. வெளியூர் போயிருக்கிறேன் என்று பொய் சொன்னால் மாலைக்குள் யாராவது அவரிடம் போய், ‘கறிக்கடையில பாத்தனே’ என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிவியில் வெளிச்சம் படுகிறதென்று ஜன்னலைச் சாத்தி, அதன்மேல் போர்வை மாட்டியிருப்பார். பஸ் ஹாரன் கேட்கிறதென்று கதவைச் சாத்திவிடுவார். மின்விசிறியின் சத்தம் காதுக்கு இடைஞ்சல் என்று அதையும் நிறுத்திவிடுவார். சித்திரை மாதத்தில் பாப்பிரெட்டிப்பட்டி வெயிலில் அப்படி ஒரு அறையில் ஒரு பகல் உட்கார்ந்து பாருங்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எழுந்து போகலாம் என்றால், “இந்த ஒண்ண மட்டும் பாத்துருவோம் சார்” என்பார். அந்த ஒன்று முடிந்தால் இன்னொன்று. எனக்கு மூச்சு முட்டும். நான் சாயங்காலம் வெளியே போய்விடுவேன், அவர் போகமாட்டார் என்ற நினைப்பு வரும். உடனே எழுந்திருக்கவும் முடியாது.

நான் ஒயர்களைப் பிடுங்கி மாட்டினேன். ரிமோட்டில் இருந்த எல்லாப் பட்டன்களையும் அழுத்திப் பார்த்தேன். ஒருமுறை டிவி முழுக்க வேறு ஏதோ மொழிக்கு மாறி, அதைத் தமிழுக்குக் கொண்டுவர முடியாமல் ஆங்கிலத்தோடு விட்டுவிட்டேன். சலித்துப்போன பிலோமினா அக்கா, கோயில் திருவிழாவுக்கு மைக் செட் போடும் குமாரைக் கூட்டிவந்தார். குமார் ஐந்து நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. முன் ஸ்பீக்கர்களுக்குப் போகிற ஒயரிலேயே ஒரு கிளை எடுத்துப் பின் ஸ்பீக்கர்களுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார். படம் போட்டதும் அறையின் எல்லா மூலையிலிருந்தும் ஒரே வசனம் அலறியது. தெருவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கோ வேலை முடிந்தது, தப்பித்தோம் என்று ஒரே சந்தோஷம்.

“எப்பிடி சார்? தேர் வர்ற மாதிரி இருக்குதுங்களா?” என்று குமார் அவர் முன்னால் வந்து நின்று கேட்டார்.

“தேர் மாதிரிதான் இருக்குது. முன்னாடி பேசறவன் பின்னாடியும் பேசறான். ஒரே ஆளு எனக்கு முன்னாடியும் பின்னாடியும் எப்பிடிப்பா நிப்பான்?”

“சத்தம் வருதுல்லீங்க சார்?”

“சத்தம் வருது. பின்னாடி எடம் வரல.”

குமாருக்கு அது புரியவில்லை. எனக்கும் அன்று புரியவில்லை. முடிச்சுகளை அவிழ்க்கச் சொல்லிவிட்டார். குமார் போனதும் நான் பொறுமை இழந்து, “படந்தானே சார், கதை புரிஞ்சா பத்தாதா? முன்னாடி ஸ்பீக்கர்ல மட்டும் கேட்டா என்ன கொறஞ்சு போச்சு?” என்று கேட்டுவிட்டேன். அவர் டிவியைப் பார்த்தபடியே பேசினார். அவரால் வேறு எதையும் பார்க்கவும் முடியாது.

“நீங்க ஒரு ரூம்ல ஒக்காந்தா நாலு பக்கமும் ரூம் இருக்குதுங்க சார். எனக்கு முன்னாடி மட்டுந்தான் இருக்குது. பின்னாடி என்ன இருக்குதுன்னே தெரியல. எங்கழுத்துல வந்து ஒரு செவுரு ஒட்டிக்கிச்சு. சாயங்காலம் ஆனா அந்தச் செவுரு நெருக்கிக்கிட்டே வருது. படுத்தாலும் போவறதில்ல. தட்டு போட்டு அன்னிக்கு மாப்பிள்ள காட்டுனாரு பாருங்க, அந்தக் கொஞ்ச நேரம் செவுரு இல்ல.”

அதற்குப் பிறகு நான் அலுத்துக்கொண்டே போனாலும், போகாமல் இருக்க முடியவில்லை. அக்காவும் காபியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “இன்னிக்காவது வருங்களா சார்?” என்று மெதுவாகக் கேட்பார். ஸ்பீக்கரைப் பற்றி அவர் பேசியதெல்லாம் அந்த ஒரு கேள்விதான்.

விடை ஒரு பழைய கோப்பில் கிடைத்தது. மகள் எப்போதோ அனுப்பிய படம். அதை ஓட்டினால் மட்டும் பின் ஸ்பீக்கர்கள் லேசாகப் பேசின. நான் அதிர்ஷ்டம் என்றேன். அவர் விடவில்லை. “எது மாறுதுன்னு பாருங்க. எது மாறலைன்னும் பாருங்க. ஆய்வுக்கூடத்துல பசங்களுக்கு வேற என்னங்க சார் சொல்லிக்குடுத்தோம்?” என்றார். பேசுகிற கோப்பையும் பேசாத கோப்புகளையும் லேப்டாப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விவரங்களைப் படித்தோம். படத்தில் வித்தியாசம் இல்லை. ஒலியில் இருந்தது. பேசியதில் ஏசி-3 என்ற வகை, பேசாதவற்றில் ஏஏசி என்ற வகை. இரண்டிலும் ஆறு தடங்கள் இருந்தன. ஆனால் ரெக்கார்டர் முதல் வகையை அப்படியே ஆம்ப்ளிஃபையரிடம் கொடுத்துவிடுகிறது. இரண்டாவது வகையைத் தானே பிரித்து, ஆறு பேர் பேசுவதை இரண்டு பேர் வாயில் திணித்துக் கொடுக்கிறது. ஒயரிலும் ஸ்பீக்கரிலும் எந்தக் கோளாறும் இல்லை. படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் ஏசி-3 வகைக்கு மாற்றி எழுதினால் போதும். அதற்கு இலவசமாகவே மென்பொருள் இருந்தது. இவ்வளவு எளிய காரியத்துக்கா இத்தனை நாள் வெந்தோம் என்று எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மாற்றிய படத்தை ஓட்டினோம். ஒரு பெண் தோப்பில் தனியாக உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருக்கிறாள். இசை எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் எங்கள் முதுகுக்குப் பின்னால், இடது பக்கம், காய்ந்த சருகை மிதித்துக்கொண்டு யாரோ நடந்து வந்தார்கள். நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். சாத்திய கதவுதான் இருந்தது. சிரித்துக்கொண்டே அவரைப் பார்த்தேன்.

அவர் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்திருந்தார். தோள் ஒரு பக்கமாக முறுகியது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. தலை அணுவளவும் நகரவில்லை. காலடிச் சத்தம் நெருங்கி வந்துகொண்டே இருந்தது. அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

“நிறுத்துங்க சார்” என்றார். நிறுத்தினேன். “நீங்க கெளம்புங்க.”

ஒரு வார்த்தை நன்றி இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த ஞாயிறு போன் அடிக்கவில்லை. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்கு அடியில் நிம்மதியாகத் தூங்கினேன். அதற்கடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. அன்று தூக்கம் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவருக்கு இல்லாத ஒன்றை நாம் போய் ஞாபகப்படுத்திவிட்டோமோ என்று மனது அடித்துக்கொண்டது. யாரும் கூப்பிடாமல் அந்த வீட்டுக்கு நான் போனது அன்றுதான் முதல் தடவை.

வழக்கம்போலச் சந்துக்குள் திரும்பினேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பிலோமினா அக்கா தடுத்தார். “நேரா வாசப்பக்கமே போங்க சார். பின்னாடி நின்னே கூப்புடுங்க. அதான் இப்ப சட்டம்.” முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. எனக்குப் பயம் போகவில்லை. வாசலில் நின்று, தாழ்ந்த குரலில் “சார்” என்றேன்.

“கம்ப்யூட்டர் சாரா? வாங்க வாங்க. செருப்பக் கழட்டும்போதே தெரிஞ்சுது” என்றார். அவர் உடம்பில் ஒரு திடுக்கிடலும் இல்லை.

எதிரே போய் உட்கார்ந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. “அன்னிக்கு உங்களப் போவச் சொன்னது தப்புங்க சார். என்னமோ ஆயிருச்சு எனக்கு” என்றார். பிறகு அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை அவருடைய வார்த்தையிலேயே எழுதுகிறேன். “கழுத்து செத்துப் பல வருசம் ஆச்சு. அது போவட்டும். திரும்பிப் பாக்கணும்ங்கற நெனப்பே செத்துப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அது உசுரோடதான் இருந்துருக்குது சார். அந்தச் சத்தம் கேட்டதும் எந்திரிச்சுக்கிச்சு. மொத நாளு வலி தாங்கல. மறுநாளு நானே போடச் சொன்னேன். தெனமும் போடச் சொன்னேன். இப்ப யாராச்சும் பின்னாடி வந்தா, நான் உள்ளுக்குள்ள திரும்பிப் பாத்துடறேன்.”

அதற்குப் பிறகு அந்த வீடு மாறியது. அக்கா சமையலறையைச் சுற்றி வருவதை விட்டார். வாசலிலிருந்தே, கடைக்குப் போய்வந்த பையோடு, “ஏங்க” என்பார். அவர் டிவியைப் பார்த்தபடியே “சொல்லு” என்பார். அந்த ‘ஏங்க’வையும் ‘சொல்லு’வையும் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவர் எழுந்து நடந்துவிட்டார் என்று சொல்லவில்லை. கழுத்து அப்படியேதான் இருந்தது. அடைப்பும் இருந்தது. ஒரு பக்கத்துச் சுவர் மட்டும் இல்லாமல் போயிருந்தது. அதனால்தான் ‘விடுதலை கிடைத்தது’ என்ற வரி எனக்கு வலித்தது. கிடைத்த கொஞ்சத்தை அவர் உயிரோடு இருக்கும்போதே, தானே வாங்கிக்கொண்டார்.

நெஞ்சுக்கூடும் விரியாத நோய் அது. இந்த மழைக்காலத்தில் சளி பிடித்தது, தர்மபுரிக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை.

நான் போனபோது முன் அறையில் கிடத்தியிருந்தார்கள். வளைந்த உடம்பு படுக்கையில் படியவில்லை. தலை அந்தரத்தில் நின்றது. அதற்குக் கீழே தலையணைகளை அடுக்கியிருந்தார்கள். ஐஸ் பெட்டியின் மூடி மேலே இடித்ததால் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சவப்பெட்டிக்கு ஆசாரி உயரமாக ஒரு மூடி செய்துகொண்டிருந்தார். “அப்பாவ அழுத்தக்கூடாதுங்கண்ணா, நல்லா ஒயரமா வெய்யுங்க” என்று ஜெசி வாசலில் அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் அவர் கால்பக்கமாகவே நின்றோம். அங்கே நின்றால் அவர் நம்மைப் பார்ப்பது போல இருந்தது.

பிலோமினா அக்கா அதுவரை அழவில்லை. வருகிறவர்களுக்கு நாற்காலி போடச் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டி தயார் என்று சொன்னதும் வாசற்கதவுப் பக்கம் போய், அவருடைய தலைக்குப் பின்னால் நின்றார். “ஏங்க” என்றார். அக்கா பதிலுக்காகக் காத்திருந்தார். இன்னொரு முறையும் கூப்பிட்டார். பிறகு வெளியே இறங்கி, பக்கத்துச் சந்து வழியாக நடந்து, சமையலறைக்குள் நுழைந்து, எங்களை விலக்கிக்கொண்டு அவருக்கு எதிரே வந்து நின்று, அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதார்.

ரெக்கார்டரையும் ஸ்பீக்கர்களையும் என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். அவை அக்காவோடு இருக்கட்டும். ஆரோக்கியசாமி சாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு சின்னப் பழக்கம். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் நடந்துகொண்டே பதில் சொல்வதில்லை. நின்று, முழுதாகத் திரும்பி, கூப்பிட்டவர் முகத்தைப் பார்க்கிறேன். நேற்று கடைவீதியில் யாரோ “சார்” என்றார்கள். என்னைக் கூப்பிடவில்லை என்று தெரிந்தது. இருந்தும் திரும்பினேன்.